காணித் தரகரும் எமது குடும்பங்களும்

காணித் தரகர் என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவரில் பலருக்கு முதலில் எழுவது சந்தேகமே. அதற்கு நியாயமும் உண்டு. எனினும் 1990 ஆனி மாதத்தில் கீரிமலை, மாவிட்டபுரம், காங்கேசன்துறைப் பக்கங்களிலிருந்து வெளியேறி, மல்லாகம் கோணப்புலத்திலும் சுன்னாகம் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் ஆண்டுக்கணக்காகக் குடியிருந்த குடும்பங்களுக்கு, ஊர்க் காணி பற்றிய செய்தியைப் பல வேளைகளில் முதலில் கொண்டுவருபவர் தரகரே. கிராம அலுவலரின் கடிதத்திற்கு முன்னரே அவருடைய மோட்டார் சைக்கிள் படலையில் வந்து நின்றுவிடுகிறது. ஆகவே அவரைத் திட்டுவதிலும் பார்க்க, அவருடைய தொழில் எவ்வாறு நடக்கின்றது என்பதை விளங்கிக்கொள்வதே எமக்குப் பயன் தரும்.

ஊர்த் தரகருக்குப் பெயர்ப்பலகை இல்லை, கந்தோர் இல்லை. வீட்டு விறாந்தையும் ஒரு தொலைபேசியும் பழைய கொப்பி ஒன்றும் போதும். அவர் உண்மையில் விற்பது காணியை அல்ல, தமக்கிருக்கும் அறிமுகத்தையே. யாழ்ப்பாணத்துப் பழைய உறுதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். காணிக்கு ஒரு பெயர் இருக்கும்: இன்ன கலட்டி, இன்ன புலம், இன்ன வளவு. பின்னர் எல்லைகள் வரும். கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாருடைய பெண்சாதியின் காணி என்றே எழுதப்பட்டிருக்கும். அதன்பின் பங்குக் கிணற்றில் எத்தனை பங்கு, வழி வாய்க்கால் உரிமை எவ்வளவு என்பன வரும். அயலவரின் பெயர்களால் எழுதப்பட்ட இப்பத்திரத்தை வாசிக்க எழுத்தறிவு மட்டும் போதாது, ஊரறிவும் வேண்டும். எந்தப் பெயருக்குரியவர் யாருடைய பேரன், அந்தப் பங்கு இப்போது எந்த மருமகனிடம் இருக்கிறது என்பதைச் சொல்லத் தெரிந்தவரே நல்ல தரகர்.

இடப்பெயர்வுக்கு முன்னர் இந்த அறிவு இருபக்கமும் இருந்தது. தரகர் எங்களை அறிந்திருந்தார். நாங்களும் அவரை, அவர் மனைவியை, அவர் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தை அறிந்திருந்தோம். ஒரு விதவையை ஏமாற்றிக் காணி எழுதுவித்தவர் அடுத்த கலியாண வீட்டுப் பந்தியில் இருக்க வெட்கப்பட வேண்டியிருந்தது. சட்டத்தைவிட அந்த வெட்கமே பலரைக் காப்பாற்றியது என்பேன். 1990 இன் பின் பூவரசும் கிளுவையும் நின்ற வேலிகள் அழிந்தன. வீடுகள் பல அத்திவாரமும் தெரியாமற் போயின. கிழக்கெல்லைக்காரர் ரொறன்ரோவில், தெற்கெல்லைக்காரர் லண்டனில். இன்று தரகருக்கு எங்களைத் தெரியும், வாங்க வருபவரையும் தெரியும். எமக்கோ வாங்குபவர் யாரென்று தெரியாது. அறிமுகம் ஒருபக்கமாகிவிட்டது. அவர் நல்லவராக இருந்தாலும் இந்த ஏற்றத்தாழ்வு மாறுவதில்லை.

தரகரின் வீட்டையும் சற்று எண்ணிப் பார்ப்போம். கனடாவில் இரவுச் சாப்பாடு முடிந்து ஒருவர் தொலைபேசி எடுத்தால் இங்கே விடியற்காலை. வீட்டில் எல்லோரும் எழும்புவர். தேநீர் வைத்துக்கொண்டே மனைவியும் பேச்சைக் கேட்பார். பல வீடுகளில் எந்தக் காணிக்கு யார் கேட்டார், என்ன விலை சொன்னார் என்பதை அவரே நன்றாக ஞாபகத்தில் வைத்திருப்பார். இத்தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று என்று பேசப்படும் கூலி, உறுதி முடிந்தால்தான் கைக்கு வரும். பல மாதம் அலைந்தும் ஒன்றும் முடியாத காலம் உண்டு. அக்காலத்திலும் அந்த வீட்டில் உலை வைக்கத்தான் வேண்டும். ஆகவே அவருக்கு வேண்டியது நல்ல விலை அல்ல, விரைவான முடிவு. ஒரு பரப்புக்கு ஐம்பதாயிரம் கூடினால் அது எமக்குப் பெரிய தொகை, அவருக்கு ஆயிரம் ஆயிரத்தைந்நூறு மட்டுமே. இதில் கள்ளம் ஒன்றுமில்லை, கணக்குத்தான். கள்ளம் வேறிடத்தில் உண்டு: இரு பக்கத்திலும் கூலி வாங்குவதைச் சொல்லாமல் விடுதல், எமக்கு ஒரு விலையும் வாங்குபவருக்கு இன்னொரு விலையும் சொல்லி இடைவெளியை எடுத்துக்கொள்ளுதல். ‘உங்களுக்கு அவரும் கூலி தருகிறாரா?’ என்று முகத்துக்கு நேரே கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. விலையை வாங்குபவரின் வாயிலிருந்தே கேளுங்கள்.

காணிப் பேச்சு எப்போது எழுகின்றது? மகளுக்குக் கலியாணம் பேசும்போது, மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்குப் பணம் தேடும்போது, வைத்தியச் செலவு வரும்போது. இவை யாவும் வீட்டுக் காரியங்கள். அவற்றை அறிந்தே தரகரும் வருகிறார். எமது அவசரம் அவருக்குத் தெரிந்த கணமே விலை இறங்கத் தொடங்குகிறது. ஆகவே அவரிடம் பேசுமுன் வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, காணி யாருடையது என்பது. 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் சட்டவலுப் பெற்ற தேசவழமை இன்றும் எம்மை ஆளுகின்றது. முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்ற பிரிவை எமது பாட்டிமார் நன்கு அறிந்திருந்தார்கள். சீதனக் காணி மனைவியுடையது. கணவன் அதை விற்க முடியாது, அவருடைய எழுத்துமூலச் சம்மதம் மாத்திரமே வேண்டும். 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இங்கே எமது பெண்கள் பலருக்கு ஒரு பெரிய துன்பம் உண்டு. கணவன் காணாமற் போய்விட்டார், இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது, கையொப்பத்திற்கு எங்கே போவது? ‘பொறு, ஒரு வழி செய்கிறேன்’ என்று எவராவது கூறி வேறொருவரைக் கொண்டு ஒப்பமிடுவிக்க முற்பட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். அது கள்ளக் கையொப்பம். கணவனின் இருப்பிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து, அச்சம்மதத்திற்குப் பதிலாக நீதிமன்ற அனுமதியைப் பெற அதே சட்டம் இடந்தருகிறது. வழி நேரானது. சற்றுத் தாமதமாகும், அவ்வளவே.

இரண்டாவது, சகோதரர்கள். தகப்பன் எழுதாமல் இறந்த காணி பிள்ளைகளுக்குப் பிரிபடாத பங்குகளாகவே வருகிறது. நால்வரில் ஒருவர் தமது நாலில் ஒரு பங்கை மட்டும் விற்கலாம். தரகர் அந்த ஒருவரையே முதலில் தேடுவார், பெரும்பாலும் கடன்பட்டிருக்கும் பிள்ளையை. பங்கை வாங்கிய அந்நியர் நாளை 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்படி வழக்கு வைத்து, முழுக்காணியையும் பிரிக்கவோ விற்கவோ கேட்கலாம். இதைத் தடுக்கவே எமது முன்னோர் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமையை வைத்தனர். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதை ஒழுங்குபடுத்தியுள்ளது. விற்க முன் அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடாது விற்றால் மற்றப் பங்காளி நீதிமன்றம் செல்லலாம். முத்திரைத் தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் பல வில்லங்கங்களுக்கு அடி கோலுகிறது. பிறகு வழக்கென்று வந்தால் கைக்கு வந்த முழுத்தொகையைக் காட்ட எம்மிடம் எழுத்து எதுவும் இராது. அத்தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு மூன்றும் மிகுதிக்கு நான்கும். செலுத்துபவர் வாங்குபவர். அவருடைய சேமிப்புக்காக நாம் ஏன் பொய் எழுத வேண்டும்?

அளவையிலும் விழிப்பு வேண்டும். கொழும்பிலிருந்து வருபவர் பேர்ச் என்பார், நாங்கள் பரப்பு என்போம். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். பழைய உறுதியில் லாச்சம் என்றிருந்தால் எந்த லாச்சம் என்று பாருங்கள். வரகுக் கணக்கில் 18 குழி, நெற் கணக்கில் 12 குழி. வரகுக் கணக்கில் ஆறு லாச்சம் 60 பேர்ச். அதையே நெற் கணக்கென்று எண்ணினால் 40 பேர்ச்சாகிவிடும். இரண்டு பரப்பு காற்றில் போய்விடும். வேலியற்ற நிலத்தில் நில அளவையாளரின் படம் இல்லாமல் விலை பேசவே வேண்டாம். கடலோரத்துக் கலட்டிக்கும் உட்புறத்துச் செம்மண் தோட்டத்துக்கும் ஒரே விலை சொல்பவரிடம் கிணற்று நீரைப் பற்றியும் கேளுங்கள். ஒழுங்கை லொறி போகுமளவு அகலமா, பங்குக் கிணறு விற்பனையில் சேருமா என்பவை விலையைப் பெரிதும் மாற்றும். கேணிக்கும் கோவிலுக்கும் அருகிலுள்ள துண்டுகளைக் கேட்பவர் தோட்டஞ் செய்யக் கேட்பதில்லை. அவருடைய கணக்கு வேறு, ஆகவே எமது விலையும் வேறாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் கொடியது வதந்தி. ‘அரசாங்கம் எடுக்கப்போகிறது, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடு’ என்ற பேச்சு எம்மிடையே பல தடவை உலாவியது. 2013 சித்திரையில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. காணிக்காரர் பெருந்தொகையாக நீதிமன்றம் சென்றனர். அப்போது ஒட்டப்பட்டது காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2 ஆம் பிரிவு அறிவித்தல். காணி தேவைப்படுகிறது என்பதைத் தெரிவிக்கும் தொடக்கப் படியே அது. அதனால் உரித்து மாறுவதில்லை. ஆட்சேபனை, விசாரணை, நட்டஈடு எனப் பல படிகள் பின்னால் உண்டு. அதன் பின் பல துண்டுகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். பயத்தில் விற்றவருக்கு அவை திரும்பவில்லை. அவருடைய காணிதான் விடுபட்டது, ஆனால் வேறொருவருக்கு.

பணமும் பத்திரமும் பற்றிச் சில வார்த்தைகள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனையும், விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். தரகர் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கும் அச்சாரத் துண்டு காணியைக் கட்டாது. அற்றோணித் தத்துவத்தின்மீது விற்பவரிடம், அதைக் கொடுத்தவர் இன்றும் உயிரோடிருக்கிறாரா என்று விசாரியுங்கள். கொடுத்தவர் இறந்ததும் பொதுவாக அத்தத்துவம் முடிந்துவிடும். வெளிநாட்டுப் பிரஜாவுரிமை மட்டும் உள்ளவருக்குக் காணி விற்பதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு அத்தடை இல்லை. ‘உங்கள் பெயரில் இருக்கட்டும், காசு நான் தருகிறேன்’ என்ற ஏற்பாடுகள் இங்கிருந்தே பிறக்கின்றன. பிறகு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அற்றுப்போவதும் இங்கிருந்துதான்.

நாம் ஊரில் இல்லாத காலத்தில் வேறொருவர் காணியில் குடியேறியிருந்தால், பத்து வருட ஆட்சி என்று சொல்லி அவரே உரித்தாளியாகிவிட்டார் எனத் தரகர் கூறக்கூடும். அதை அப்படியே நம்பவேண்டாம். போரினால் தமது உரிமையைக் கோர முடியாதிருந்தவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அக்கணக்கில் சேர்க்காதபடி 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. உங்கள் காணிக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதைத் தரகரிடமன்றிச் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும்.

2025 பங்குனி 28 இல் வெளியான வர்த்தமானி வடக்கில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காணிகளுக்கு மூன்று மாதத்துள் உரிமை கோரும்படி கேட்டது. உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையின் பின் அது மீளப்பெறப்பட்டது. அந்த மூன்று மாதத்துள் உறுதியைத் தேடி அலைந்தவர்கள் எத்தனை பேர்! 1990 இல் றங்குப்பெட்டியோடு உறுதியும் போய்விட்டது என்று கைவிட்டிருப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். நொத்தாரிசு உறுதியை எழுதும்போது மூலம் உரியவரிடமும், ஒரு பிரதி அவருடைய ஏட்டிலும், இன்னொரு பிரதி காணிப் பதிவகத்திலும் சேர்கின்றன. உறுதி இலக்கம், ஆண்டு, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். இலக்கம் தெரியாவிட்டால் அயற் காணிக்காரரின் உறுதியில் உங்கள் தகப்பனாரின் பெயர் எல்லையாக எழுதப்பட்டிருக்கும். அதைக்கொண்டு காணியின் பெயரையும் ஊரையும் தேடிப் பிடிக்கலாம். இந்த ஒரு காரியத்திற்கு ஊர்த் தரகரின் பழைய கொப்பியைப் போல உதவும் பொருள் வேறில்லை. அவர் கேட்கும் நியாயமான கூலியைக் கொடுத்து அந்த விபரத்தை வாங்குங்கள். விற்கும் பேச்சைப் பிரதி கைக்கு வந்த பின் வைத்துக்கொள்ளலாம்.