கபீஷுக்கு என்ன விலை?

பழைய படக்கதைகளையும் மிருக பொம்மைகளையும் தேடி அலைவோர் உலகம்

புதுச்சேரியிலிருந்து தெற்கே, கடலூர் செல்லும் வழியில், கடற்காற்று வீசும் சிற்றூர் பூரணாங்குப்பம். இதுபோன்ற ஊர்களில் போகிப் பண்டிகைக்கு முன் பரண்கள் காலியாகும். அப்போது கீழே இறங்கும் சாமான்களைப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் முப்பது வருஷக் கதை தெரிந்துவிடும். சக்கரம் கழன்ற மரக்குதிரை, தும்பிக்கை போன மண் யானை, சாவி தொலைந்த தகரக் குரங்கு, அட்டை இல்லாத ஒரு கட்டு சிறுவர் பத்திரிகை!

எது பழைய பேப்பர்காரரிடம் போகும், எது தீயில் போகும், எது மறுபடி பரணுக்கு ஏறும்? வீட்டு அம்மாள் இரண்டே நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். காகிதம் எடைக்குப் போகும். பொம்மை குப்பைக்குப் போகும்.

ஆனால், அந்தக் கட்டில் இருக்கும் ஒரே ஒரு இதழுக்காக ஊர் ஊராகத் தேடுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள்தான் படக்கதை சேகரிப்போர். தபால்தலை சேர்ப்பது போலவும், பழைய நாணயம் சேர்ப்பது போலவும் இதுவும் ஒரு பொழுதுபோக்கு. ஆனால் தபால்தலைக்கு விலைப்பட்டியல் உண்டு. நாணயத்துக்கு உலோகத்தின் மதிப்பாவது மிஞ்சும். குழந்தைகள் படித்துக் கசக்கிய படக்கதைக்கு என்ன மதிப்பு? அதை யார் தீர்மானிக்கிறார்கள்?

வால் நீளும் குரங்கு

1980-களில் தமிழ்க் குழந்தைகளுக்குப் படக்கதைப் பஞ்சமே இல்லை. சிவகாசியிலிருந்து 1972-ல் புறப்பட்ட முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யை வீட்டுக்கு வீடு அழைத்து வந்திருந்தது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. அதே வருஷம் ராணி காமிக்ஸும் வந்தது. துப்பாக்கி வீரர்கள், துப்பறிவாளர்கள், குதிரை வீரர்கள் என்று கடைகளில் தொங்கிய புத்தகங்களைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

இன்னும் சிறிய குழந்தைகளுக்கு வேறோர் உலகம் இருந்தது. அது மிருகங்களின் உலகம். வி.கிருஷ்ணமூர்த்தி என்ற இயற்பெயர் கொண்ட 'வாண்டுமாமா' ஆசிரியராக இருந்து நடத்திய 'பூந்தளிர்' இதழில் கபீஷ் என்ற குரங்கு துள்ளிக் குதித்தது. வேண்டும்போது வேண்டிய அளவுக்கு வாலை நீட்டவும் சுருக்கவும் அதனால் முடியும். பிண்டூ மான்குட்டிக்கு ஆபத்து என்றால் வால் நீளும். வேட்டைக்காரன் வலையோடு வந்தால் வால் சுருக்குப் போடும். கபீஷை உருவாக்கியவர் அனந்த பை. ஓவியம் தீட்டியவர் மோகன்தாஸ். 1980-ல் தொடங்கிய 'டிங்கிள்' ஆங்கில இதழின் காகமும் தமிழுக்குப் பறந்து வந்து 'காக்கை காளி' ஆயிற்று. நரியும் முதலையும் போடும் திட்டத்தையெல்லாம் மரக்கிளையில் உட்கார்ந்தபடியே கவிழ்த்துவிடும் காகம் அது!

வாண்டுமாமா 2014-ல் காலமானார். அவருடைய காலத்துக் குழந்தைகளுக்கு இன்று தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

சேகரிப்போர் சந்திக்கும் விசித்திரம் இங்கேதான் இருக்கிறது. பெரிய பையன்கள் வாங்கிய துப்பறியும் படக்கதைகளில் பல பிழைத்துக்கொண்டன. பையன் அவற்றை அடுக்கி வைத்தான். நண்பனுக்கு இரவல் கொடுத்தால் கணக்கு வைத்தான். ஆனால் மிருகக் கதைகளைப் படித்தது ஐந்து வயதும் ஆறு வயதும் ஆன வாண்டுகள். கரடிக்கு மீசை வரைந்தார்கள். புள்ளிகளை இணைக்கச் சொன்ன பக்கத்தில் பென்சிலால் கிறுக்கினார்கள். பிடித்த படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டினார்கள். தம்பி பிறந்ததும் புத்தகம் அவன் வாய்க்குப் போயிற்று. ஆகவே அதிகமாக நேசிக்கப்பட்ட புத்தகம்தான் அதிகமாக அழிந்தது!

கிடைப்பது அரிது, சரி. அப்படியானால் விலையும் அதிகமாகத்தானே இருக்க வேண்டும்? அதுதான் இல்லை.

கிராக்கியின் வயது

பழம்பொருள் சந்தையில் ஒரு விதி உண்டு. பொருள் அரிதாக இருந்தால் மட்டும் விலை ஏறாது. அதை வேண்டும் என்று கேட்க ஆள் இருக்க வேண்டும். கேட்கிறவர் கையில் காசும் இருக்க வேண்டும். மனிதனுக்கு அந்தக் காசு பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டித்தான் சேருகிறது. சேர்ந்ததும் அவன் எதைத் தேடுகிறான்? தன் பத்து வயதை! ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் சம்பாதிக்கத் தொடங்கும்போது அதன் குழந்தைப் பருவச் சாமான்களுக்குக் கிராக்கி வருகிறது. அந்தத் தலைமுறை ஓய்ந்ததும் கிராக்கியும் இறங்குகிறது.

ஐந்து வயதில் பார்த்த குரங்கைவிடப் பன்னிரண்டு வயதில் வியந்த வீரனே மனத்தில் பெரிதாக நிற்கிறான். அதனால் மாயாவியைத் தேடுவோர் பலர்; கபீஷைத் தேடுவோர் சிலர்.

இதற்கு அமெரிக்காவே பெரிய சாட்சி. வால்ட் டிஸ்னியின் வாத்துகளும் எலிகளும் நிறைந்த மாதப் படக்கதை இதழ் ஒன்று 1950-களின் தொடக்கத்தில் மாதந்தோறும் சுமார் 30 லட்சம் பிரதிகள் விற்றது. அந்நாளில் சாகச வீரர்கள் வாத்தின் முன்னே வாலைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள் என்றே சொல்லலாம்! 'ஸ்க்ரூஜ் மாமா' என்ற கஞ்ச வாத்தை 1947-ல் படைத்தவர் கார்ல் பார்க்ஸ். 1942 முதல் 1966 வரை அவர் வாத்துக் கதைகளை எழுதி வரைந்தார். புத்தகத்தில் அவர் பெயர் இருக்காது. டிஸ்னியின் பெயர்தான் இருக்கும். பெயர் தெரியாத குழந்தைகள் அவரை 'நல்ல வாத்து ஓவியர்' என்றே அடையாளம் வைத்திருந்தார்கள். 1960-ல்தான் ரசிகர்கள் அவர் யார் என்று கண்டுபிடித்தார்கள்.

இத்தனை புகழ் பெற்ற வாத்து இன்று ஏலக் கூடத்தில் முதலிடத்தில் இருக்கிறதா? இல்லை. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 1938-ம் வருஷத்துப் புத்தகம் அன்று 10 சென்ட். அதன் பிரதி ஒன்று 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. சாகச வீரர்களைச் சினிமா மறுபடி மறுபடி திரைக்குக் கொண்டுவந்தது. புதிய தலைமுறை ஒவ்வொன்றும் அவர்களைத் தெரிந்துகொண்டது. பழைய வாத்துப் புத்தகங்களுக்கோ பழைய ரசிகர்களே கதி.

ஐந்து டாலர் ஆசை

பொம்மைச் சந்தையில் நடந்த கூத்து இன்னும் வேடிக்கையானது. 1993-ல் அமெரிக்காவில் 'பீனி பேபீஸ்' என்ற சின்னஞ்சிறு துணி மிருகங்கள் விற்பனைக்கு வந்தன. உள்ளே பிளாஸ்டிக் மணிகள். விலை சுமார் 5 டாலர். நாயும் பன்றியும் தவளையும் குழந்தையின் கைக்குள் அடங்கும். கம்பெனி ஒரு தந்திரம் செய்தது. சில மிருகங்களைத் திடீரென்று 'ஓய்வு' கொடுத்து நிறுத்தியது. உடனே ஜனங்கள் பாய்ந்தார்கள். நாளை இது கிடைக்காது, விலை ஏறும் என்று பெரியவர்களே மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். லாஸ் வேகாஸ் நகரில் 1999-ல் விவாகரத்துப் பெற்ற ஒரு தம்பதி, நீதிமன்றத் தரையில் பொம்மைகளைக் குவித்து ஒவ்வொன்றாகப் பங்கு போட்டுக்கொண்ட காட்சியும் நடந்தது!

பிறகு என்ன? வாங்க ஆசைப்பட்டவர் எல்லாரும் வாங்கி முடித்தார்கள். எல்லாரும் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். விற்க வந்தபோது எல்லாரிடமும் அதே பொம்மை! விலை சரிந்தது. அதிக விலைக்கு என்றே பாதுகாக்கப்பட்ட பொருள் அரிய பொருளாக ஆவதே இல்லை. இது சேகரிப்போர் நெஞ்சில் எழுதிவைக்க வேண்டிய பாடம்.

மண்ணும் காகிதமும்

நம் பக்கத்துக்கு வருவோம். மிருக பொம்மை நமக்குப் புதிதல்ல. மொகஞ்சதாரோவில் தலையை ஆட்டும் மண் காளை பொம்மை கிடைத்திருக்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை அறியாதவர் இல்லை. புதுச்சேரி வட்டாரத்திலேயே வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாடும், திருக்கனூரின் காகிதக் கூழ்ப் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றவை.

இங்கேயும் சந்தை திசை மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் மண் யானையைத் திருவிழாக் கடையில் குழந்தை கேட்டு அழும், அப்பா வாங்கிக் கொடுப்பார், மறுநாளே உடையும். இன்று மண் யானையை வாங்குகிறவர் பெரியவர். அது கண்ணாடி அலமாரிக்குப் போகிறது. குழந்தை கையில் இருப்பதோ அச்சில் வார்த்த பிளாஸ்டிக். குயவருக்குப் புதிய கிராக்கி பிழைப்பைத் தருகிறது, நல்லதுதான். ஆனால், அன்று குழந்தை இழுத்து விளையாடிய மலிவான மண் வண்டியும் சாயம் பூசிய கிளியும் யார் அலமாரியிலும் இல்லை. மலிவானது என்பதாலேயே அவற்றை எவரும் எடுத்து வைக்கவில்லை.

திருக்கனூர்க் கலையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கித்தான் அங்கே பொம்மை பிறக்கிறது. படக்கதையில் வாழும் மிருகங்களுக்கும் காகிதமே உடம்பு. அந்தக் காகிதம் எடைக்குப் போனால், அதன் முடிவும் எங்கேயோ ஓரிடத்தில் கூழ்தான்!

மூர் மார்க்கெட் போன பிறகு

பழைய புத்தகம் வேண்டுமென்றால் ஒரு காலத்தில் சென்னை மூர் மார்க்கெட்டுக்குத்தான் போவார்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் 1900-ம் ஆண்டு முதல் இருந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் புத்தகமும் உண்டு, பொம்மையும் உண்டு, உயிருள்ள கிளியும் முயலும்கூட உண்டு. 1985-ல் அது தீக்கிரையாயிற்று. புதுச்சேரியில் காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் துணிமணிகளுக்கு நடுவே பழைய புத்தகக் குவியலும் பொம்மைக் குவியலும் கண்ணில் படுவதுண்டு.

இப்போது வியாபாரத்தில் பெரும்பகுதி கைப்பேசி வழியே நடக்கிறது. அட்டையின் படத்தைப் போட்டால் போதும். கோவையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேள்வி வரும். இதில் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. முன்பு நடைபாதைக் கடைக்காரர் எடைக்கு எடை கொடுத்தார். இன்று எதை எடுத்தாலும் "அபூர்வம்" என்கிறார்கள்.

இன்னொரு மாறுதல் மறுபதிப்பு. சிவகாசிக்காரர்கள் 2012-ல் புது வேகத்தோடு மீண்டு வந்து, பழைய கதைகளை நல்ல காகிதத்தில் மறுபடி அச்சிட்டார்கள். கதை மட்டும் வேண்டியவருக்கு அது போதும். அவர் பழைய பிரதியைத் தேடுவதை விட்டுவிடுவார். அந்தப் பழைய மையின் வாசனையும் அந்தப் பழைய விளம்பரமும் வேண்டும் என்பவர் மட்டும் சந்தையில் நிற்பார். மறுபதிப்புக் காணாத கதைகளின் நிலைமைதான் பரிதாபம். அவை பழைய பிரதியில் மட்டுமே உயிரோடு இருக்கின்றன. அந்தப் பிரதி போனால் கதையே போயிற்று.

ராமபாணத்தின் பசி

கடலோர ஊர்களில் காகிதத்துக்கு எதிரிகள் பலர். ஈரக்காற்றில் இரும்புப் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கழலும். பத்திரிகைக் காகிதம் மரக்கூழில் செய்தது. அதில் இருக்கும் அமிலம் வெளிச்சமும் ஈரமும் பட்டு முற்றும். தாள் பழுத்து, மடித்தால் ஒடியும். ராமபாணப் பூச்சி பசையைத் தின்னும். கரையானுக்கு எல்லாமே விருந்து.

காப்பாற்ற வழி கடினமல்ல. தரையோடும் சுவரோடும் ஒட்டாமல் வையுங்கள். வெயில் படாத, காற்றாடும் இடம் நல்லது. துருப்பிடித்த பின்னை மெதுவாக எடுத்துவிடுங்கள். கிழிசலைச் செல்லோ டேப்பால் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் அது மஞ்சள் கறையாகித் தாளையும் கெடுக்கும். பல இதழ்களைச் சேர்த்து ஓரம் வெட்டி பைண்டு செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. சேகரிப்போர் அதை விரும்புவதில்லை. ஆனாலும், பைண்டு செய்த வீடுகளில்தான் இதழ்கள் சிதறாமல் பிழைத்திருக்கின்றன என்பதையும் மறுக்க முடியாது.

கோட்டையூர்க்காரர் செய்த வேலை

செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப் பலகை எழுதும் ஓவியர் ஒருவர் இருந்தார். பெயர் ரோஜா முத்தையா. பழைய புத்தகங்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீசுகள், கல்யாண அழைப்பிதழ்கள் என்று பிறர் வீசியதையெல்லாம் சொந்தக் காசில் சேர்த்தார். சந்தை விலையை அவர் பார்க்கவில்லை. சந்தையே இல்லாத காகிதங்கள் அவை. 1992-ல் அவர் காலமானபோது அந்தச் சேகரிப்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைய வழி செய்தது. இன்று தமிழ் அச்சு உலகைப் பற்றி ஆராய்கிறவர்கள் அங்கே போகாமல் முடியாது.

ஒரு கல்யாண அழைப்பிதழிலிருந்து சரித்திரம் எழுதலாம் என்றால், குழந்தைகள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று காட்டும் படக்கதையிலிருந்தும் எழுதலாம். ஆனால் அந்தப் புத்தகம் அதுவரை இருக்க வேண்டுமே!

சேகரிப்பில் இறங்க நினைக்கும் வாசகர்கள் ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். லாபத்துக்காக வாங்குகிறவர் சந்தையின் வாலைப் பிடித்து ஓடவேண்டும். அது கபீஷின் வாலைப் போல எப்போது நீளும், எப்போது சுருங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆசைக்காக வாங்குகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. விலை ஏறினால் சந்தோஷம். இறங்கினால் இன்னும் இரண்டு இதழ் வாங்கலாம். மிருகக் கதைகளுக்கு இப்போது கிராக்கி குறைவு என்பது, சொற்ப வருமானம் உள்ளவரும் அவற்றைச் சேர்க்கலாம் என்பதற்கு நல்ல சகுனம்.

வீட்டில் இருப்பதை விற்றுவிட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எடைக்குப் போடுவதற்கு முன் முதல் பக்கத்தில் இருக்கும் வருஷத்தைப் பாருங்கள். பெயரையும் மாதத்தையும் ஒரு தாளில் குறியுங்கள். சேகரிப்போர் ஒருவருக்கோ நூலகம் ஒன்றுக்கோ ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். வேண்டாம் என்று பதில் வந்தால் நஷ்டம் ஒரு தபால் செலவுதான். வேண்டும் என்று வந்தால், தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடைக்காத ஓர் இதழ் உங்கள் கையால் பிழைத்திருக்கும்.