கடை போயிற்று, பெயர் நின்றது

வணிகர்களாகிய நமக்குக் கல்லாவில் உள்ள பணம் மட்டும் முதலன்று; கடைப் பெயரும் முதலே. மசாலா வியாபாரி மகாஷய் தரம்பால் குலாட்டியின் வாழ்க்கை இதற்குச் சான்று.

1923-ல், இன்றைய பாகிஸ்தானிலுள்ள சியால்கோட்டில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தந்தையாரின் மசாலாக் கடையில் தொழில் பழகினார். 1947 பிரிவினையில் கடையை விட்டு டெல்லி வந்து, 650 ரூபாய்க்குக் குதிரை வண்டி வாங்கி ஓட்டினார். பிறகு கரோல்பாக்கில் சிறு கடை போட்டு, பழைய கடையின் பெயரையே வைத்தார்: 'மகாஷியான் தி ஹட்டி'. அதன் சுருக்கமே எம்.டி.எச்.

சரக்குக்குத் தாமே பொறுப்பு என்பதுபோல் பெட்டியில் தம் படத்தையே அச்சிட்டார். மகனையும் ஆறு மகள்களையும் தொழிலில் துணை சேர்த்தார். 2019-ல் பத்மபூஷண் பெற்ற அவர், 2020 டிசம்பர் 3 அன்று 97-ஆம் வயதில் மறைந்தார்.

சரக்கும் கட்டடமும் போனாலும், நாணயத்தால் வந்த பெயர் கூடவே வரும். நாமும் அதைக் காப்போம்.