சீகிரியாவும் யவனர் பழம் பதிப்புகளும்

மாணவர் சிலருடன் சீகிரியாக் குன்றில் ஏறியபோது கண்ணாடிச் சுவரின் முன் நெடுநேரம் நின்றேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்தோர் அங்குக் கீறிச் சென்ற சிங்களப் பாக்களை வெறுங்கண்ணாற் படித்தல் அரிது. செனரத் பரணவிதான அவற்றுள் 685 பாக்களைப் படித்து, 1956இல் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். சுவர் தேயினும் நூலிற் பாட்டு நிற்கும்.

“ஐயா, காசியப்பன் காலத்தில் யவனர் இங்கு வந்தனரா?” என்று மாணவன் ஒருவன் வினவினான்.

உரோம நாணயங்கள் சீகிரியா மண்ணிலேயே கிடைத்துள்ளன. யவனர் இலங்கையிற் பேசிய பேச்சுக்கோ ஒரு கிரேக்க நூலே சான்று. காசியப்பன் ஆண்டது கி.பி. 477 முதல் 495 வரை. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், அலெக்சாந்திரியா நகரத்து வணிகராயிருந்து துறவு பூண்ட கொசுமாசு என்பார் அந்நூலை எழுதினார். கிரேக்கம் அறியாத யான், மக்கிரிண்டில் 1897இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே அதனைக் கற்றேன்.

சோபாத்தர் என்னும் வணிகரின் கதை அதில் வருகின்றது. இலங்கை வேந்தன் அவையில் பாரசீகன் ஒருவன் தன் மன்னனே பெரியன் எனத் தருக்கினான். சோபாத்தர் வாதாடினாரில்லை, இரு மன்னர்தம் நாணயங்களையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டினார். உரோமப் பொற்காசும் பாரசீக வெள்ளிக்காசும் அருகருகே வைக்கப்பட, வேந்தன் பொற்காசின் பக்கமே சாய்ந்தான். கதையை எழுதியவர் யவனராதலின் யவனரே வென்றனர்! அவ்வேந்தன் பெயரை நூல் கூறவில்லை. காசியப்பன் எனத் துணிதற்கு இடமில்லை.

இந்நூல் முழுமையாக முதன்முதல் அச்சேறியது 1706இல், பாரிசு நகரில். அதுவரை மிகச் சில கையெழுத்துப் பிரதிகளே அதனைத் தாங்கி நின்றன. முசிறித் துறையைக் கூறும் ‘செங்கடற் பெரிப்புளூசு’ நூலின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பத்தாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றே அதன் பேராதாரம். 1533இல் பாசல் நகரில் அது அச்சாயிற்று.

இத்தகைய முதற்பதிப்புகளைத் தேடித் திரட்டுவோரை, தோற்கட்டின் அழகில் மயங்கியோர் எனச் சிலர் இகழ்வர். சிலர்பால் அது மெய்யே. ஆயினும் பதிப்பாசிரியர் எப்பிரதியைக் கண்டார், எங்குத் திருத்தினார், எங்குத் தடுமாறினார் என்னும் சுவடுகள் பின்வந்த பதிப்புகளில் மறைந்துவிடுதல் உண்டு. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் வெளியிட்ட கலித்தொகை என்னிடம் உள்ளது. இரவல் கொண்ட அன்பர் ஒருவர் திருப்பித் தந்தபோது பதிப்புரைத் தாள்கள் இல்லை. செய்யுளை வேறு பதிப்பிற் காணலாம். பிள்ளையவர்கள் ஏடு தேடி உழன்ற வரலாற்றை என் நூலில் இனிக் காணேன்.

அது சிற்றிழப்பு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஏட்டுச் சுவடிகளும் அவற்றுடன் வெந்தன. அச்சேறாத தனி ஏட்டுக்கு மறுபிரதி ஏது?

குன்றினின்று இறங்குகையில் அம்மாணவன் மக்கிரிண்டில் நூலை இரவல் கேட்டான். “தருவேன், என் வீட்டுத் திண்ணையிலிருந்தே படிக்க வேண்டும்” என்றேன்.