மாணவர் இராசேந்திரன் சிலை
அண்ணாமலைப் பல்கலைக்கழக நுழைவாயில், சிதம்பரம்

1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம் இது. பின்னாளில் திராவிட இயக்கத் தலைவர்களான நெடுஞ்செழியனும் அன்பழகனும் இங்கே தமிழ் படித்தவர்கள். திராவிட இயக்கத்துக்காக மேடையேறிய ஒரு தலைமுறையே இந்த வகுப்பறைகளிலிருந்து வந்தது.

1965 ஜனவரி 26 முதல் இந்தியே நடுவண் அரசின் முதன்மை ஆட்சிமொழி என்ற நிலை வரவிருந்தது. மறுநாள், 27ஆம் தேதி, இங்குள்ள மாணவர்கள் அதை எதிர்த்து ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். போலீஸ் சுட்டது. சிவகங்கையைச் சேர்ந்த மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். படிக்க வந்த பிள்ளை. அவர் கையில் ஆயுதம் இல்லை.

போராட்டம் தமிழகமெங்கும் பரவியது. பிப்ரவரியில் திருப்பூரில் கலவரம் மூண்டு, இரண்டு காவல் உதவி ஆய்வாளர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த உயிர்களையும் இந்த வரலாற்றிலிருந்து விலக்கக் கூடாது. பிப்ரவரி 11 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று வானொலியில் உறுதியளித்தார். அந்த உறுதி 1967இல் ஆட்சிமொழித் திருத்தச் சட்டமாயிற்று.

இதே வாயில் வழியாகத்தான் இன்றும் மாணவர்கள் வகுப்புக்குப் போகிறார்கள். சிலையருகே சற்று நின்று, இராசேந்திரன் பெயரை உங்களுடன் வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.