மூன்று மணிக்குக் கூடும் வீடு
ஆலிவ் மலைகளுக்கு நடுவே ஒரு வகுப்பறை – 6

பிற்பகல் இரண்டு மணி ஆனால் போதும், பயேசாவின் கடைவீதியில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். துணிக்கடை, செருப்புக்கடை, மளிகைக்கடை எல்லாம் மூடிவிடும். மறுபடி திறக்க மாலை ஐந்து, ஐந்தரை ஆகும். ஊர் தூங்கப் போய்விட்டது என்று சுற்றுலா வந்தவர்கள் சொல்லிக்கொள்வார்கள். சந்துகளில் நடந்து பார்த்தால் விஷயம் வேறு. ஒவ்வொரு ஜன்னல் வழியாகவும் தட்டு, கரண்டிச் சத்தம், மூன்று மணிச் செய்தி, அதையும் மீறிய பேச்சுக்குரல்கள். ஊரே சாப்பிட உட்கார்ந்திருக்கிறது.

தெற்கு ஸ்பெயினில், அந்தலூசியாவின் ஹாயென் மாகாணத்தில், சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்தச் சிற்றூர். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆலிவ் மரங்கள். இங்கே அரசுத் தொடக்கப்பள்ளியில் ஆங்கில உரையாடல் உதவியாளராக எனக்கு வேலை. நான் சேர்ந்தபோது வாரத்துக்கு 12 மணி நேரம், மாதம் 700 யூரோ உதவித்தொகை. அந்தப் பணத்தில் தனிவீடு எடுத்தால் கையைக் கடிக்கும். அதனால் ஒரு குடும்பத்தோடு தங்கினேன். சிறிய வாடகை, மாலையில் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேச வேண்டும். அப்பா கூட்டுறவு எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கிறார். அம்மா சுகாதார நிலையத்தில் செவிலியர். பத்து வயதில் ஒரு பெண், ஏழு வயதில் ஒரு பையன். கூடவே, அம்மாவைப் பெற்ற பாட்டி.

மதியச் சாப்பாடு ஏன் மூன்று மணிக்கு? பாதிக் காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. கிரீன்விச் தீர்க்கரேகை ஸ்பெயினின் கிழக்கோரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. நாட்டின் பெரும்பகுதி அதற்கு மேற்கே கிடக்கிறது. சூரியனைக் கேட்டால் லண்டன் நேரம்தான் ஸ்பெயினுக்குப் பொருந்தும். 1940இல் பிராங்கோ ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, ஜெர்மனியின் நேரத்துக்கு மாற்றியது. பிறகு யாரும் திருப்பி வைக்கவில்லை. கோடையில் பயேசாவில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் இரண்டேகாலைக் காட்டும். கடிகாரம் என்ன காட்டினாலும் வயிறு சூரியனைத்தான் கேட்கும்.

மீதிக் காரணம், வேலையும் பள்ளியும் விட்டு எல்லோரும் கூடும் மேசை. ‘மேசா கமியா’ என்பார்கள். வட்டமான மேசை, தரைவரை தொங்கும் கனத்த துணி. கீழே, கால்களுக்கு நடுவே ஒரு மரப்பலகை, அதன் நடுவில் வட்டமான துளை. அந்தத் துளைக்குள் ‘பிராசேரோ’ என்கிற கணப்புத் தட்டு. அந்தக் காலத்தில் தணல் போட்டு, சாம்பலால் மூடி வைப்பார்களாம். இப்போது மின்சாரக் கணப்பு. ஜனவரியில் அந்தப் பழைய வீட்டின் தரை பாதத்தைச் சுடுகிற அளவுக்குச் சில்லிட்டிருக்கும். வீட்டில் வேறு எங்கும் கணப்பு கிடையாது. துணியைத் தூக்கி, முழங்கால்வரை உள்ளே விட்டு, மடியில் அதைப் போர்த்திக்கொண்டு எல்லோரும் உட்காருவோம். சாப்பிட்டு முடித்தாலும் எழுந்திருக்க யாருக்கும் மனம் வராது.

பாட்டி பொத்தாஹே கொண்டுவந்து வைப்பார். கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சேர்த்து, சீரகம், பூண்டு போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு. “சாப்பிடும்மா, ஆறிப்போகுது” என்று மூன்று தடவையாவது சொல்லிவிடுவார். ஆலையிலிருந்து ஐந்து லிட்டர் கேனில் வந்த எண்ணெயை ரொட்டிமேல் தாராளமாக ஊற்றுவார்கள். இந்தப் பக்கத்து ‘பிக்குவால்’ ஆலிவின் எண்ணெய் பச்சை நிறம், இலேசான கசப்பு. விழுங்கியதும் தொண்டையில் மிளகுபோல் உறைக்கும். புது எண்ணெய்க்கு அந்த உறைப்புதான் அடையாளம் என்பார் வீட்டுக்காரர்.

அப்புறம் பேச்சு. பாட்டி பேசிக்கொண்டிருக்கும்போதே பேத்தி குறுக்கே பாய்வாள். பாட்டி நிறுத்தமாட்டார், குரலை உயர்த்துவார். அம்மா இருவருக்கும் ஒரே சமயத்தில் பதில் சொல்வார். பையன் இன்னொரு கதையை நடுவில் தொடங்குவான். யாருக்கும் கோபமில்லை. ஒருவர் பேச்சைக் காதில் வாங்கியதற்கு அடையாளமே குறுக்கே பேசுவதுதான். பேசாமல் இருந்தால்தான், “ஏன், உடம்பு சரியில்லையா?” என்று விசாரிப்பார்கள்.

வகுப்பில் நான் பார்த்துக்கொண்டிருந்ததன் பொருள் இந்த மேசையில்தான் விளங்கியது. அந்தலூசியாவில் 2005இல் தொடங்கிய பன்மொழித் திட்டத்தின்கீழ், பல பள்ளிகளில் அறிவியல் பாடத்தின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள். அப்படியொரு வகுப்பில் கேள்வி கேட்டு முடிக்குமுன் பத்துக் குரல்கள் எழும். ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், கையைப் பிடித்து இழுப்பார்கள். ஆசிரியர் முன் வாய்மூடி இருப்பதே மரியாதை என்று வளர்ந்த நமக்கு அது ஒழுங்கின்மையாகத் தெரியும். அந்தப் பிள்ளைகளோ, வீட்டு மேசையில் பாட்டியை மதிக்கும் அதே முறையில்தான் வகுப்பாசிரியரையும் என்னையும் மதித்தார்கள். அதன்பின் வகுப்பாசிரியரும் நானும் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டோம். வீட்டுப்பாடம் வேண்டுமா, வேண்டாமா என்று சண்டைக்கு விட்டோம். அதுவரை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசக் கூசியவர்கள், எதிராளியை மடக்க வேண்டும் என்றதும் சொற்களைத் தேடிப் பிடித்தார்கள்.

அந்த மேசை தானாக நிற்பதில்லை. பதினொரு மணிக்கே அடுப்பில் குழம்பு ஏறியிருக்கும். இரண்டு மணிக்குப் பள்ளி விட்டதும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவருவதும் பாட்டிதான். மாத்ரீத், பார்சலோனா போன்ற பெருநகரங்களில் வேலைக்கும் வீட்டுக்கும் தூரம் அதிகம். அங்கே ஏராளமான பிள்ளைகள் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிடுகிறார்கள். பயேசாவில் குடும்பம் மதியத்தில் கூடுகிறது என்றால், அதற்கு ஒரு மூதாட்டியின் முழுக்காலைப் பொழுது விலையாகப் போகிறது. அந்தப் பண்பாட்டைப் புகழ்கிறவர்கள் அவர் உழைப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த ஊருக்குப் பிறமொழி ஆசிரியர்கள் புதிதல்ல. ஸ்பெயினின் பெருங்கவிஞர் அந்தோனியோ மச்சாதோ, 1912 முதல் 1919 வரை இங்கே பிரெஞ்சு ஆசிரியராக இருந்தார். அவர் பாடம் நடத்திய அறையைப் பழைய பல்கலைக்கழகக் கட்டடத்தில் அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் வடக்கே சோரியாவில் வேலை. அங்கே ஒரு குடும்பம் நடத்திய விடுதியில் தங்கினார். அந்த வீட்டுப் பெண் லியோனோரை 1909இல் மணந்தார். 1912இல் லியோனோர் இறந்ததும், சோரியாவில் இருக்க முடியாமல்தான் பயேசாவுக்கு வந்தார். தங்கப்போன வீடு ஒரு ஆசிரியரின் வாழ்க்கையை எவ்வளவு ஆழமாகத் தொடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வெளிநாட்டுக்குக் கற்பிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தனி அறைதான் தேடுகிறார்கள். முடிந்தால் முதல் ஆண்டாவது ஒரு குடும்பத்தோடு இருங்கள் என்பேன். பாடத்திட்டத்தைப் பள்ளியிலேயே தந்துவிடுவார்கள். எதைக் கேட்டால் அந்தப் பிள்ளை வாய் திறக்கும், எதற்குச் சிரிக்கும், யார் சொன்னால் கேட்கும் என்பதெல்லாம் அது சாப்பிடுகிற இடத்தில்தான் தெரியவரும்.

அடுத்த வாரம்: ஆலை இரவுபகலாக ஓடும் ஆலிவ் அறுவடைக் காலம்.

(தொடரும்)