ஒலிக்க வேண்டியது ஒலிக்கட்டும்

1995 ஆம் ஆண்டு ஜூலை 31. கொல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, புது தில்லியில் இருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் பேசினார். இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு அதுவே. அந்நாளில் பிறரை அழைத்தால் மட்டுமன்றி, வந்த அழைப்பை ஏற்றாலும் கட்டணம் உண்டு. 2003 ஆம் ஆண்டில்தான் அந்தச் சுமை நீங்கியது. அதுவரை கைப்பேசி எண்ணை ஒருவருக்குக் கொடுப்பதற்கு முன் பலரும் ஒரு கணம் யோசித்தனர்.

இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இந்நகரம் மற்றொரு தொடக்கத்தையும் கண்டிருந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஓஷானசி 1839 ஆம் ஆண்டில் இங்கே மின்தந்திச் சோதனைகளை நடத்தினார். 1851 ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தித் தடம் இயங்கத் தொடங்கியது. 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்படும் வரை, தந்தி என்றாலே வீடு ஒரு கணம் நின்று கவனித்தது. சொல்லுக்கு இவ்வளவு என்று அனுப்புபவர் பணம் கட்ட வேண்டியிருந்ததால், அவசியமற்ற தந்தியை எவரும் அனுப்பவில்லை.

இன்று நம் கைப்பேசியில் ஒலிக்கும் செயலி அறிவிப்புகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஓர் அறிவிப்பை ஒருவருக்கு அனுப்புவதற்கும் கோடிப் பேருக்கு அனுப்புவதற்கும் நிறுவனத்துக்கு ஆகும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. அனுப்புபவர் செலுத்தி வந்த விலையை இப்போது பெறுபவராகிய நாம் நம் கவனத்தால் செலுத்துகிறோம். ஆகவே, எது உள்ளே வரலாம், எது வாசலில் நிற்க வேண்டும் என்று பிரித்தறியும் பொறுப்பும் நம்மிடமே வந்து சேர்ந்துள்ளது. இது மன அமைதி பற்றிய செய்தி மட்டுமன்று; நம் பணத்தின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

பூஜைக் காலத்து இரைச்சல்

துர்கா பூஜை நெருங்கும்போது கொல்கத்தாவில் கைப்பேசிக்கு ஓய்வே இல்லை. புடவைத் தள்ளுபடி, உணவுச் சலுகை, வாடகைக் கார், விளையாட்டுச் செயலி, உறவினர் குழு, அடுக்ககக் குழு என ஒன்றன்பின் ஒன்றாக அறிவிப்புகள் குவிகின்றன. லேக் மார்க்கெட் பகுதியில் பல்லாண்டுகளாக வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். சஷ்டியன்று மாலை பந்தல் காணப் புறப்படுகிறார்கள். கூட்டத்தில் கைப்பேசி ஓயாமல் அதிர்கிறது. எரிச்சலுற்ற குடும்பத் தலைவர் எல்லா ஒலிகளையும் ஒரே விரலசைவில் அணைத்துவிடுகிறார். அன்றிரவு அவர் கணக்கிலிருந்து அவர் அறியாமலே 18,000 ரூபாய் எடுக்கப்படுகிறது. வங்கி உடனே குறுஞ்செய்தி அனுப்பிவிட்டது. ஆனால் அது சலுகைச் செய்திகளின் அடியில் புதைந்து, பூஜை முடிந்த பிறகே கண்ணில் படுகிறது.

இது கற்பனை நிகழ்வுதான். எனினும் இத்தகைய தாமதத்துக்கு உரிய விலை, விதிகளில் எண்களாகவே குறிக்கப்பட்டுள்ளது.

மூன்று வேலை நாள்கள்

அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பதை வரையறுத்து, இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர்கள் குறுஞ்செய்தி அறிவிப்புக்குக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று வங்கிகள் கோருவதும், இழப்பைத் தெரிவிக்க இருபத்து நான்கு மணி நேரமும் வழி திறந்து வைப்பதும் அதில் விதிக்கப்பட்டன.

குறை வங்கியினுடையதாயின், எப்போது தெரிவித்தாலும் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. குறை வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, மூன்றாம் இடத்தில் நேர்ந்தது என்றால், வங்கியின் அறிவிப்பு வந்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவருக்குப் பொறுப்பு ஏதும் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், இழந்த தொகை, கணக்கின் வகைக்குரிய உச்சவரம்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதை அவர் ஏற்க வேண்டும். அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாயும், பிற சேமிப்புக் கணக்குகளுக்கு 10,000 ரூபாயும் அவ்வுச்சவரம்பு. ஏழு நாள்களும் கடந்துவிட்டால், அந்தந்த வங்கி இயக்குநர் குழுவின் கொள்கைப்படியே முடிவு அமையும். கடவுச்சொல்லையோ ரகசிய எண்ணையோ பிறரிடம் பகிர்ந்ததால் நேர்ந்த இழப்பாயின், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான தொகை முழுவதும் வாடிக்கையாளரையே சாரும். விதிகள் காலத்துக்கேற்பத் திருத்தப்படுவதால், நடப்பு நிலையைக் கிளையில் கேட்டறிவது நன்று.

இந்த நாள் கணக்கில் ஒரு நுட்பமும் உண்டு. அறிவிப்பு வந்த நாள் கணக்கில் சேராது. வேலை நாள்களோ நம் கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாள்களைக் கொண்டே எண்ணப்படும். கொல்கத்தாக் கிளைகளுக்குச் சப்தமி முதல் தசமி வரை பொதுவாக விடுமுறை. அக்குடும்பத் தலைவரின் கணக்கு லேக் மார்க்கெட் கிளையில் இருந்தால் அந்நாள்கள் கணக்கில் வாரா. அவர் கணக்கோ இன்னும் மயிலாப்பூர்க் கிளையிலேயே இருக்கிறது என்று கொள்வோம். சென்னையில் ஆயுத பூஜைக்கும் விஜயதசமிக்கும்தான் விடுமுறை. சப்தமியும் அஷ்டமியும் வார நாள்களாக அமைந்தால், அவர் பந்தல்களைச் சுற்றி வரும்போதே இரண்டு வேலை நாள்கள் கழிந்துவிடுகின்றன. விடுமுறைக்குப் பின் கிளை திறக்கும் முதல் நாளே அவருக்குக் கடைசி நாள். ஊர் மாறியும் கணக்கை மாற்றாத தமிழ்க் குடும்பங்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும். எனினும் நாள்களை எண்ணிக் காத்திருத்தல் தகாது. அறிவிப்பைக் கண்ட அந்த நிமிடமே வங்கியின் உதவி எண்ணுக்கும், இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிப்பதே முறை.

அனைத்தையும் அணைப்பது தீர்வன்று

எனவே, இரைச்சலுக்கு அஞ்சி எல்லா அறிவிப்புகளையும் அணைப்பது வாயிலோனையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புவது போன்றது. எல்லாவற்றையும் ஒலிக்க விடுவதும் சரியன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, கைப்பேசியை எடுத்துப் பாராவிட்டாலும், அறிவிப்பு வந்தது என்பதை உணர்வதே கவனத்தைக் குலைக்கிறது என்று காட்டியது. இடைவிடாத ஒலிக்குப் பழகிய செவி, முக்கியமான ஒலியையும் நாளடைவில் பொருட்படுத்தாது.

நாம் செய்ய வேண்டியது மூன்றாகப் பிரித்தல். வங்கி, பணப் பரிமாற்றச் செயலி, குடும்பத்தார் அழைப்பு, பேரிடர் எச்சரிக்கை ஆகியவை உடனே ஒலிக்க வேண்டியவை. குழுச் செய்திகள், மின்னஞ்சல், நாளிதழ்ச் செயலிகள் ஆகியவை ஒலியின்றி வந்து, நாம் பார்க்கும் நேரம் வரை காத்திருக்க வேண்டியவை. சலுகை, விளையாட்டு, விளம்பரம் ஆகியவை வரவே வேண்டாதவை.

கைப்பேசியில் செய்ய வேண்டியவை

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்பதைத் திறந்தால், எந்தச் செயலி அண்மையில் எத்தனை அறிவிப்பு அனுப்பியது என்பதைப் பெரும்பாலான கருவிகளில் காணலாம். மிகுதியாக அனுப்பியவற்றிலிருந்து தொடங்குவது எளிது. ஆண்ட்ராய்டு 8 முதல் ஒரே செயலியின் அறிவிப்புகளை வகை வகையாகப் பிரித்து அணைக்க முடிகிறது. உணவுச் செயலியில் ‘ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது’ என்பதை வைத்துக்கொண்டு, ‘இன்று தள்ளுபடி’ என்பதை மட்டும் நீக்கலாம். ஆண்ட்ராய்டு 13 முதல் புதிதாக நிறுவும் செயலி நம் அனுமதி கேட்ட பிறகே அறிவிப்பு அனுப்பும். அக்கேள்விக்கு மறுப்பையே வழக்கமான விடையாகக் கொள்வது நன்று. தேவையானால் பின்னர் அனுமதிக்கலாம்.

ஐஃபோனில் அவசரமற்ற அறிவிப்புகளை ஒன்றுதிரட்டி, நாம் குறித்த நேரத்தில் தொகுத்துக் காட்டும் ‘ஷெட்யூல்டு சம்மரி’ என்ற வசதி 2021 ஆம் ஆண்டு முதல் உள்ளது. ‘ஃபோகஸ்’ என்பதில், உறங்கும் நேரத்திலும் எந்தச் செயலிகளும் எவர் அழைப்புகளும் ஒலிக்கலாம் என்று குறித்து வைக்கலாம். ஆண்ட்ராய்டின் ‘டு நாட் டிஸ்டர்ப்’ வசதியும் இத்தகைய விலக்குகளை ஏற்கும். வங்கிச் செயலியை அவ்விலக்குப் பட்டியலில் சேர்த்து வைத்தல் வேண்டும். மின்கலச் சேமிப்புக்காகச் சில கைப்பேசிகள் பின்னணியில் இயங்கும் செயலிகளை உறங்க வைப்பதுண்டு. வங்கிச் செயலி அவற்றுள் ஒன்றாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

இணையம் இல்லாத இடத்தில் செயலி அறிவிப்பு வந்து சேராது. குறுஞ்செய்திக்கு இணையம் வேண்டுவதில்லை. ஆதலால் குறுஞ்செய்திகளை மொத்தமாக ஒலியடக்கம் செய்யலாகாது. அதற்கு மாறாக, விளம்பரச் செய்திகளை அவை புறப்படும் இடத்திலேயே நிறுத்தலாம். 1909 என்ற எண்ணுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட் 0’ என்று குறுஞ்செய்தி அனுப்பினால், விளம்பரத் தொடர்புகளை மறுக்கும் பதிவேட்டில் நம் எண் சேரும். வங்கிப் பரிவர்த்தனைச் செய்திகள் இதனால் தடைபடா. 2025 முதல் நிறுவனங்களின் குறுஞ்செய்தி முகவரி இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் இடம்பெறுகிறது. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. ஒரே பார்வையில் தரம் பிரிக்க இது உதவும்.

மேற்கு வங்கக் கடற்கரை புயலுக்குப் புதியதன்று. 2020 மே மாதத்தில் உம்பன் புயல் கொல்கத்தாவை உலுக்கியதை நாம் மறக்கவில்லை. கைப்பேசிக் கோபுரங்கள் வழியே அனுப்பப்படும் பேரிடர் எச்சரிக்கை 2023 ஆம் ஆண்டில் நாட்டின் பல பகுதிகளிலும் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதன் பேரொலி எரிச்சலூட்டியதென்று அவ்வசதியை அணைத்திருந்தால், இன்றே மீண்டும் இயக்கி வைப்போம்.

பிறர் கண்ணும் போலிக் குரலும்

அறிவிப்பு நம் கண்ணுக்கு மட்டுமே உரியது. கைப்பேசி பூட்டியிருக்கும்போதும் திரையில் ஒருமுறைக் கடவுச்சொல் தெரியுமானால், மெட்ரோவில் அருகில் நிற்பவரும் அதைப் படிக்கலாம். பூட்டிய திரையில் அறிவிப்பு வந்ததை மட்டும் காட்டி, உள்ளடக்கத்தை மறைக்கும் தெரிவு எல்லாக் கைப்பேசிகளிலும் உண்டு. ஆண்ட்ராய்டில் ‘நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்’ என்னும் பட்டியலையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். அதில் அனுமதி பெற்ற செயலி, நமக்கு வரும் பிற அறிவிப்புகளைப் படிக்க வல்லது. நமக்குத் தெரியாத பெயர் அங்கே இருந்தால் அனுமதியை நீக்கிவிட வேண்டும். போக்குவரத்து அபராதம், எரிவாயு இணைப்பு என்ற பெயர்களில் வாட்ஸ்அப் வழியே வரும் ஏ.பி.கே. கோப்புகளை நிறுவுவதால் இத்தகைய அனுமதிகள் கயவர் கைக்குச் செல்கின்றன.

கணினியிலும் இதே விழிப்பு வேண்டும். ஏதோ ஓர் இணையதளத்தில் ‘அலவ்’ என்பதை அழுத்திவிட்டால், அத்தளம் உலாவி வழியே திரையின் மூலையில் அறிவிப்புகளை அனுப்பத் தொடங்கும். ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று அச்சுறுத்துபவற்றுள் பல இவ்வாறு வருபவையே. குரோம் உலாவியின் செட்டிங்ஸ் பகுதியில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதனுள் ‘சைட் செட்டிங்ஸ்’, அதனுள் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று சென்றால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். வேண்டாதவற்றை நீக்கலாம். விண்டோஸ் 11 கணினியில் ‘சிஸ்டம்’ பகுதியின் கீழுள்ள ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பக்கத்தில் ஒவ்வொரு செயலியையும் தனித்தனியே அடக்கலாம். அலுவலகக் கூட்டத்தில் நம் திரையைப் பிறருக்குக் காட்டுமுன், அங்குள்ள ‘டு நாட் டிஸ்டர்ப்’ வசதியை இயக்குவது நம் தனிச் செய்திகளையும் காக்கும்.

இனி, வங்கியின் பெயரில் வரும் அறிவிப்பு எல்லாம் வங்கியுடையதன்று. ‘கணக்கு முடக்கப்படும், உடனே இதை அழுத்துக’ என்று அவசரப்படுத்தும் செய்தியின் இணைப்பை அழுத்தலாகாது. செயலியை நாமே திறந்து, கணக்கு விவரத்தைச் சரிபார்ப்பதே பாதுகாப்பு. இந்திய வங்கிகளின் இணைய முகவரிகள் இப்போது ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிகின்றன. வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டுள்ளது. எந்த எண்ணிலிருந்து அழைத்தாலும், ரகசிய எண்ணையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்பவர் வங்கியர் அல்லர்.

ஓர் அரைமணி நேரம்

இவற்றையெல்லாம் செய்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையின் அரைமணி நேரம் போதும். வீட்டிலுள்ள முதியோரின் கைப்பேசியையும் அவர்கள் அருகில் அமர்ந்து சீர்செய்து தருதல் நம் கடமை. முதற்படியாக, வங்கியில் பதிவாகியுள்ள கைப்பேசி எண் இன்று நாம் பயன்படுத்தும் எண்தானா என்று சரிபார்ப்போம். பழைய எண்ணுக்குச் செல்லும் எச்சரிக்கை எவரையும் காப்பதில்லை. வங்கியின் உதவி எண்ணையும் 1930 ஐயும் தொடர்புப் பட்டியலில் சேர்த்து, ஒரு தாளில் எழுதிப் பணப்பையிலும் வைப்போம். கைப்பேசியே தொலைந்துவிட்டால் அந்தத் தாளே துணை.

வரும் பூஜையில் பந்தல் காணச் செல்கையில், நம் கைப்பேசி பெரும்பாலும் அமைதியாகவே இருக்கட்டும். அது ஒருமுறை ஒலித்தால், நின்று எடுத்துப் பார்க்கத் தக்க செய்தியாகவே அது இருக்கும்.