மையத்தில் கரும்பொருள்: கூம்பா, தட்டையா?

சூரியனுக்கு அருகே உள்ள புதன் நொடிக்கு 47 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. தொலைவில் உள்ள நெப்டியூனின் வேகமோ 5 கி.மீ.தான். தூரம் கூடினால் வேகம் குறையும் என்பது ஈர்ப்பு விசையின் கணக்கு. 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளை அளந்தார்கள். பிறகு பல திரள்களை அளந்தபோதும் கணக்கு உதைத்தது. விளிம்பில் இருந்தவையும் வேகம் குறையாமல் சுற்றின. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள்தான் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கிறது என்ற முடிவு அப்படித்தான் வலுப்பெற்றது.

விளிம்பில் துப்பு கிடைத்தது. மையத்தில் புதிர் முளைத்தது. 1990-களில் நவாரோ, ஃபிரெங்க், ஒயிட் மூவரும் கரும்பொருள் எப்படித் திரளும் என்று கணினியில் கணித்தார்கள். மையத்தை நெருங்க நெருங்க அடர்த்தி ஏறிக்கொண்டே போனது. களத்தில் கொட்டிய நெல் உச்சி எழுப்பிக் கூம்பாக நிற்குமே, அதுபோல. ஆனால், பல குள்ள விண்மீன் திரள்களில் வாயு சுற்றும் வேகத்தை அளந்தால், பலகை கொண்டு நிரவிய நெல்லாக மையம் தட்டையாக இருந்தது.

நிரவியது யார்? விண்மீன்கள்தாம் என்பது ஒரு வலுவான விளக்கம். பெரிய விண்மீன்கள் சூப்பர்நோவாவாக வெடிக்கையில் மையத்து வாயு வெளியே வீசப்படுகிறது. ஈர்ப்பின் பிடி சட்டென்று தளர, கரும்பொருள் அகன்ற பாதைக்கு நகர்கிறது. வாயு குளிர்ந்து திரும்பி வரும். கரும்பொருளோ பழைய நெருக்கத்துக்குத் திரும்புவதில்லை. இது பலமுறை நடந்தால் கூம்பு கரைந்துவிடும்.

இதைச் சோதிக்க நம் பால்வெளியைச் சுற்றும் இரண்டு குள்ளத் திரள்கள் உதவுகின்றன. டிராகோவில் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பே விண்மீன் பிறப்பு நின்றுவிட்டது. ஃபோர்னாக்ஸில் அது அதன் பிறகும் நெடுங்காலம் தொடர்ந்தது. அவற்றின் விண்மீன்கள் நகரும் வேகத்தை ஆய்வாளர்கள் அலசினார்கள். வெடிப்புகள் சீக்கிரமே ஓய்ந்த டிராகோவில் கூம்பு குலையாமல் இருப்பதாகத் தெரிந்தது. ஃபோர்னாக்ஸில் மையம் தட்டை.

கரும்பொருள் துகள்கள் தமக்குள் மோதிக்கொள்வதால்தான் மையம் தட்டையாகிறது என்ற மாற்றுக் கருத்தும் களத்தில் இருக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஒன்று மட்டும் தெளிவு: பேரண்டத்தில் சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் உள்ள கரும்பொருளை அறிய, ஒளிரும் விண்மீன்களின் வரலாற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்.